ஏரிக்குள் போன சாலைகள்

என் கணவர் இருபத்தொன்பது வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருடம், வாரத்தில் மூன்று நாள், டயாலிசிஸ் அறையிலும் நடத்துநராக இருந்தார். முதல் வேலைக்கு அரசாங்கம் ஆணை கொடுத்தது. இரண்டாவது வேலைக்கு அவரே தன்னை நியமித்துக்கொண்டார்.

அந்த அறை மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் இருந்தது. எட்டு சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இயந்திரம். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், இயந்திரம் கழுவி மற்றொன்றின் வழியாகத் திருப்பி அனுப்பும். நான்கு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். ஊசி ஏறிய கையை மடக்கக் கூடாது. குளிரும் என்பதால் எல்லோருக்கும் ஒரு சாம்பல் நிறப் போர்வை. சுவரில் ஒரு டிவி உண்டு. அதன் ரிமோட் எந்தக் காலத்திலோ தொலைந்துபோய், நாள் முழுவதும் வாணலி விற்கும் ஒரே சேனல் மட்டும் ஓடும்.

எங்கள் மகள் அவருக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். முதல் இரண்டு வாரம் அதில் சீட்டாடினார். பிறகு ஒரு நாள் எதையோ தட்டப்போய் எங்கோ தூர தேசத்தில் இருக்கும் ஒரு கடிகார அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டார். அறை அறையாக நடந்து பார்க்கும்படி அவர்கள் முழுக் கட்டடத்தையும் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். விரலால் தள்ளினால் கதவு திறக்கும், அடுத்த கூடம் வரும். ஒரு கடிகாரத்தைத் தொட்டால் அது அடிக்கும். இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் பார்த்தவர், திடீரென்று பழைய குரலில் ஆரம்பித்தார்.

"கடிகார மாளிகை, கடிகார மாளிகை. ஏறுறவங்க ஏறலாம். உள்ள எடம் இருக்கு, படியில நிக்காதீங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்கார அம்மா தலையைத் திருப்பினார். "டிக்கெட் எவ்வளவுங்க?"

"உங்களுக்கு ஃப்ரீ பாஸ்மா. ரத்தம் குடுத்துட்டுத்தானே உட்கார்ந்திருக்கீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். பொடி எழுத்து படிப்பது எனக்குப் பழக்கம். அவர் படத்தைத் தள்ளுவார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து கீழே இருக்கும் குறிப்பை உரக்கப் படிப்பேன். இருநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ அழுத்திக் காயவைத்த செடிகளைத் தாள் தாளாகப் பார்த்தோம். தவளைகளின் சத்தத்தைச் சேர்த்து வைத்த ஒரு தளத்தில் அவர் முழு ஒலியில் ஒரு தவளையைத் தட்டிவிட, இயந்திரம் அலறுகிறது என்று நினைத்து சிஸ்டர் ஓடி வந்தார். பள்ளிக்கூட நோட்டுகளை மட்டும் சேர்த்து வைத்த ஒரு தொகுப்பில், நூறு வருடத்துக்கு முந்தைய கூட்டல் கணக்கில் வாத்தியார் கவனிக்காமல் விட்ட பிழை ஒன்றைக் கண்டுபிடித்து நான் ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தேன். உடைகளுக்கென்று ஒரு காட்சிக்கூடம் இருந்தது. அதில் துணியை நூலிழை தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தையல்கார அம்மா ஒரு ராணியின் அங்கியை உள்பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ராணிக்குத் தச்சவளும் கடைசி நாள்லதான் தச்சிருக்கா. உள்தையல் பாருங்க, என்ன அவசரம்."

ஜன்னலோரம் ஒருவர் வந்ததும் கண்ணை மூடுவார், ஊசியை எடுக்கும்போதுதான் திறப்பார். தையல்கார அம்மா அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்திருந்தார். என் கணவர் அவரையும் சேர்த்துத்தான் தலையை எண்ணுவார். "தூங்குற பயணியையும் கொண்டுபோய்ச் சேர்த்தாகணும்," என்பார்.

இரண்டாவது வருடம் லாரிக்காரர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி உடம்பு. என் கணவருக்கு எதிர் நாற்காலி. முதல் நாளே என் கணவர் வழக்கம்போல் அழைத்தார்.

"வாங்க தம்பி. இன்னிக்குப் பூட்டு மியூசியம். ஆயிரம் பூட்டு இருக்கு. ஏறிக்குங்க."

"நீங்க கண்டக்டரா?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"முப்பது வருஷமா ரோட்டுல உங்க வண்டி பின்னாடியே போயிருக்கேன். நடு ரோட்டுல நிறுத்தி ஆள் ஏத்துவீங்க. கேட்டா விசில் அடிப்பீங்க."

"நீங்க மட்டும்? ராத்திரி லைட்டைக் கண்ணுலயே அடிப்பீங்க."

"அதனால நான் பஸ்ல ஏற மாட்டேன்," என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

பேச்சு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் வருவதும் ஒழுங்காக இல்லை. திங்கட்கிழமை வருவார், புதன்கிழமை வர மாட்டார். வெள்ளிக்கிழமை வரும்போது கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கும். வராத நாளில் என்ன செய்கிறார் என்றால், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். ஆனால் தம்பி அசந்த நேரம் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"வீட்டுல என்ன குறைச்சல்?" என்று தையல்கார அம்மா ஒரு முறை கேட்டார்.

"குறைச்சல் ஒண்ணும் இல்லக்கா. இங்க வந்து படுத்தா ஷெட்டுல நிறுத்தி ஆயில் மாத்துற வண்டி மாதிரி இருக்கு. அந்த வண்டியாவது அப்புறம் ஓடும்."

ஒரு வாரம் தொடர்ந்து இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் வந்தார். அன்றைக்கு சிஸ்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். அவர் கண்டிப்பானவர். யாரிடமும் அநாவசியமாகப் பேச மாட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் சொன்னா கேப்பாரோ என்னமோ. ரெண்டு நாள் விட்டா ரத்தத்துல உப்பெல்லாம் ஏறிடும். வலி தெரியாது, ஒண்ணும் தெரியாது. இதயம் நின்னுடும். இன்னொரு தடவை ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவர் இருக்க மாட்டாரு."

நான் அதை என் கணவரிடம் சொன்னேன். அன்று வீட்டு வாசலில் இறங்கும்போது அவர், "எட்டு பேர்ல ஒருத்தர் குறையக் கூடாதும்மா," என்றார்.

அடுத்த ஒரு மாதம் லாரிக்காரரை எப்படியாவது ஏற்றிவிடப் பார்த்தார். பழைய வண்டிகளின் அருங்காட்சியகத்தைத் தேடிப் பிடித்தார். இஞ்சினைக் கழற்றிக் கழற்றிக் காட்டும் ஒரு தளத்தைத் திறந்து எதிர் நாற்காலிப் பக்கம் திருப்பிப் பிடித்துக் கை வலிக்க நீட்டினார்.

லாரிக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "சமையல்காரனுக்கு அடுப்பைப் படம் புடிச்சுக் காட்டுறீங்களே, கண்டக்டரே."

பாலைவன லாரிகள், பனியில் ஓடும் லாரிகள், எல்லாம் காட்டியாயிற்று. ஒன்றும் பலிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு அந்த வரைபடங்கள் கிடைத்தன. ஒரு பெரிய நூலகம், எண்பது வருடத்துக்கு முன்னால் நில அளவையாளர்கள் வரைந்த படங்களை எல்லாம் இணையத்தில் போட்டிருந்தது. மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். நமது ஆறு, நமது சாலை, நமது மலை எல்லாம் கறுப்பு மையில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம். விருப்பம் இருந்தால் அவர்களுக்கு உதவியும் செய்யலாம். திரையின் இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் வானத்திலிருந்து எடுத்த இன்றைய படம். பழைய படத்தில் ஓர் இடத்தில் ஊசி குத்தி, அதே இடத்தை இன்றைய படத்திலும் கண்டுபிடித்து ஊசி குத்த வேண்டும். ஆறு இடத்தில் அப்படிக் குத்திவிட்டால், பழைய படம் தானாக இழுபட்டு இன்றைய பூமியின் மேல் போய்ப் படிந்துகொள்ளும்.

"துணி வெட்டறதுக்கு முன்னாடி குண்டூசி போட்டுப் பார்க்கிற மாதிரி," என்றார் தையல்கார அம்மா.

என் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஊர்களும் தூரங்களும் அவருக்கு விரல் நுனியில். நான் பொடி எழுத்தில் ஊர்ப்பெயரைப் படிக்க, அவர் ஒரு நொடி யோசிக்காமல் இன்றைய படத்தில் அந்த ஊருக்குப் போய் ஊசியைக் குத்துவார். ஒரு நாளைக்கு ஒரு படம். ஒன்றரை மாதத்தில் பதினேழு படம் முடித்து அனுப்பிவிட்டோம். நான் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். எழுத்தில் ஒரு பிழை இல்லை.

ஒரு திங்கட்கிழமை நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. வரைபடப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் எழுதியிருந்தார். என் கணவர் பாராட்டுக் கடிதம் என்று நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னார். நானும் குரலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்.

"தங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி. தாங்கள் அனுப்பிய பதினேழு படங்களையும் பார்த்தோம். பதினேழிலும் ஊர்கள் ஒரு மைலிலிருந்து மூன்று மைல் வரை விலகியிருக்கின்றன. நான்கு இடங்களில் நெடுஞ்சாலை ஏரிக்குள் இறங்கி மறுகரையில் ஏறுகிறது. ஒரு ரயில் பாதை மலை உச்சி வழியாகப் போகிறது. இத்தனை படங்களும் ஒரே மாதிரி விலகியிருப்பதன் காரணம் எங்களுக்குப் பிடிபடவில்லை. தாங்கள் எந்த இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டீர்கள் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

படித்து முடித்தபோது என் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. என் கணவர் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

எதிர் நாற்காலியில் போர்வை அசைந்தது. "ரோடு ஏரிக்குள்ள போகுதா?" என்றார் லாரிக்காரர்.

போர்வையை முகத்திலிருந்து இறக்கினார்.

"எங்க, காட்டுங்க பார்ப்போம்."

நான் டேப்லெட்டை எடுத்துப்போய் அவர் முன்னால் பிடித்தேன். அவர் ஊசியில்லாத கையால் படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் ஆரம்பித்து, அப்புறம் அறை அதிரும் அளவுக்குச் சிரித்தார். கை அசைந்து இயந்திரம் கூவியது. சிஸ்டர் ஓடி வந்து, "என்ன ஆச்சு, மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்.

"சிஸ்டர், இந்த மனுஷன் எல்லா ஊரையும் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் வச்சிருக்காரு."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. என் கணவருக்கு ஊர் என்றால் பேருந்து நிலையம். அங்கேதான் கட்டணம் ஆரம்பிக்கும், அங்கேதான் முடியும். இருபது வருடத்துக்கு முன்னால் நெரிசல் தாங்காமல் எல்லா ஊரிலும் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அவர் அந்தப் புதிய நிலையங்களில் ஊசியைக் குத்தி, எண்பது வருடத்துக்கு முந்தைய ஊர்களைத் தரதரவென்று அங்கே இழுத்து வந்திருக்கிறார்.

"ஏன் கண்டக்டரே, பஸ் வர்றதுக்கு முன்னாடி ஊரே கிடையாதா?"

"சரிப்பா. நீ சொல்லு. ஊர் எங்க இருக்கு?"

"செக்போஸ்ட்டுல."

"அது உனக்கு."

"துணிக்கடை வீதியிலங்க. அதுதான் ஊருக்கு நடு," என்றார் தையல்கார அம்மா.

"ரயில்வே ஸ்டேஷன்," என்றது ஜன்னலோரக் குரல்.

எல்லோரும் திரும்பினோம். தூங்குமூஞ்சி கண்ணைத் திறக்காமலே பேசியிருந்தார். அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் என்பது ஒன்றரை வருடம் கழித்து அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

"இவ்வளவு நாளும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?" என்று கேட்டார் தையல்கார அம்மா. அவர் முகம் சிவந்துவிட்டது.

"அப்பப்போ," என்றார் அவர். "தூங்குமூஞ்சிங்கிறது நல்ல பேருதான்."

சிரிப்பு அடங்கியதும் நான் லாரிக்காரரிடம் கேட்டேன். "அப்போ எண்பது வருஷமா நகராதது எதுங்க?"

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வண்டி ஓட்டுறவன் ஊரைப் பார்க்க மாட்டான்க்கா. திருப்பத்தைத்தான் பார்ப்பான். ரோடு ஆத்தைத் தாண்டுற எடம், ரெண்டு ரோடு கூடுற எடம், மலையைச் சுத்தி வளையுற எடம். வீட்டை இடிப்பாங்க, கடையை மாத்துவாங்க. ஒரு வளைவை நிமித்தறதுக்கு யாருக்கும் மனசு வராது. இந்தா, இந்த முக்கு இருக்கே. இங்க நான் ரெண்டு தடவை கவுந்திருக்கேன். இப்பவும் அப்படியேதான் இருக்கு. இங்க குத்துங்க."

குத்தினோம். சிஸ்டரிடம் கெஞ்சி இரண்டு நாற்காலிகளையும் பக்கம் பக்கமாகப் போடச் சொன்னோம். ஒவ்வொரு படமாகப் பழைய ஊசிகளைப் பிடுங்கிவிட்டு, லாரிக்காரர் சொல்லச் சொல்லப் புதிதாகக் குத்தினோம். நெடுஞ்சாலை ஒன்று ஏரியிலிருந்து மெல்ல எழுந்து கரையில் போய்ப் படிந்தபோது என் கணவர் வாய்விட்டு, "அடேயப்பா," என்றார். மூன்று படம் முடிந்த நேரத்தில் சிஸ்டர் ஊசியை எடுக்க வந்தார்.

"இன்னொரு அரை மணி நேரம் ஓடட்டுமே சிஸ்டர்," என்றார் லாரிக்காரர்.

"பதினாறு வருஷ சர்வீஸ்ல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். எழுந்திருங்க."

போகும்போது அவர் வாசலில் நின்று, "மிச்சத்தைப் புதன்கிழமை பார்ப்போம். அதுக்குள்ள எதையும் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுல வச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அன்று இரவு தூக்கத்தில்கூடச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை லாரிக்காரர் வரவில்லை.

ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஊசி ஏறிவிட்டது. எட்டு ஆயிற்று, எட்டரை ஆயிற்று. என் கணவர் டேப்லெட்டைத் திறக்கவே இல்லை. "நாமளே ஒரு படம் பார்க்கலாமே," என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒன்பதரைக்கு மேல் பொறுக்க முடியாமல் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்ததால் எனக்கும் கேட்டது. பின்னணியில் காற்று, வண்டிச் சத்தம்.

"சொல்லுங்க கண்டக்டரே."

"எங்கப்பா இருக்க?"

"ரோட்டுலதான். சர்க்கரை ஆலை தாண்டி, ஆத்துப்பாலம். ஓரமா நிறுத்தித்தான் பேசுறேன்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. புத்தி சொன்னால் லாரிக்காரர் போனை வைத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். வேறு எதையாவது சொல்லிப் பேச்சை வளர்க்க வேண்டும் என்று மனதில் பட்டிருக்க வேண்டும்.

"அந்தப் பாலமா? நல்லதாப் போச்சு. நம்ம படத்துல அங்க ஒரு பாலந்தான் இருக்கு. இப்ப பார்த்தா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இருக்கு. எது பழசு?"

"மேல நின்னு பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். தார் போட்டுட்டாங்க. கீழ இறங்கித் தூணைப் பார்த்தாத் தெரியும், கல்லா கான்கிரீட்டான்னு."

"தெரிஞ்சா நல்லாருக்கும்."

"இருங்க, பார்த்துச் சொல்றேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரளைக் கல் சரியும் சத்தம் கேட்டது. என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மீன் சிக்கிவிட்டது என்கிற மாதிரி. நானும் சிரித்தேன். இருவருமே யோசிக்கவில்லை.

"கல்லு," என்றது போன். "வலது பக்கத்துப் பாலம். கல் தூணு. நாலு... இருங்க."

பிறகு வெறும் மூச்சு.

"தம்பி?"

"மேடு ஏற முடியலண்ணே. காலு வரல. நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கு."

அதுவரை அவர் என் கணவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. என் கணவரின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். கையில் ஊசி, பக்கத்தில் இயந்திரம், எழுந்து நிற்கக்கூட முடியாது. ஆனால் அவர் வாய் திறந்தபோது வந்தது நடத்துநரின் குரல்தான்.

"அங்கேயே உட்காரு. படுக்காத, உட்காரு. போனை வைக்காத. சிஸ்டரைக் கூப்பிடும்மா. உன் போனைக் குடு."

சிஸ்டர் வந்தார். ஒரே வார்த்தையில் புரிந்துகொண்டார். பாலத்தைத் தாண்டி வரும் ஊரின் ஆஸ்பத்திரிக்கு மேசைத் தொலைபேசியில் பேசினார். அங்கேயும் டயாலிசிஸ் இருந்தது. இயந்திரம் தயார் செய்கிறோம் என்றார்கள். ஆனால் ஆம்புலன்ஸ் வேறோர் இடத்துக்குப் போயிருந்தது, முக்கால் மணி நேரம் ஆகும்.

என் கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது அம்பது. ஒன்பது நாற்பதுக்கு ஆலை ஸ்டாப்புல கிளம்புற வண்டி மேட்டுக் கடையைத் தாண்டியிருக்கும். இன்னும் அஞ்சு நிமிஷத்துல பாலத்துல ஏறும். ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் போகும்." என் போனில் பணிமனைக்குப் பேசி, அந்த வண்டி நடத்துநரின் எண்ணை வாங்கி, அவரைப் பிடித்தார். "தம்பி, நான் பழைய ஆளு பேசறேன். பாலத்து மேல லாரி ஒண்ணு நிக்கும். அதுகிட்ட வண்டியை நிறுத்து. கீழ ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. தூக்கிட்டு வாங்க. பேச்சு வளர்க்காத, நிறுத்து." இருபத்தொன்பது வருட வேலையில் ஒரு நாளும் பாலத்தின் மேல் பேருந்தை நிறுத்தாதவர், அன்றைக்கு நிறுத்தச் சொன்னார்.

மறுபுறம் லாரிக்காரரின் போன் திறந்தே இருந்தது. முதலில் மூச்சு. பிறகு பிரேக் பிடிக்கும் சத்தம். பல கால்கள் ஓடி இறங்கும் சத்தம். "புடி, புடி, அந்தப் பக்கம் புடி." "என்னய்யா இந்த கனம் கனக்குறாரு." யாரோ ஒருவர், "பெருசு, லாரி சாவியை எடுத்தீங்களா?" என்று கேட்டார். அதோடு இணைப்பு அறுந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். எங்கள் நான்கு மணி நேரம் முடிந்து, ஊசி எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திய பிறகும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அடுத்த சுற்று ஆட்கள் வந்து நாற்காலிக்காகக் காத்து நின்றார்கள். நாங்கள் தாழ்வாரத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம்.

"நான்தானம்மா இறங்கச் சொன்னேன்," என்றார் என் கணவர்.

"நீங்க இறங்கச் சொல்லல. எது பழசுன்னுதான் கேட்டீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

தையல்கார அம்மா குறுக்கிட்டார். "நீங்க போன் போடலைன்னா அவர் ஓட்டிக்கிட்டே இருக்கும்போது வந்திருக்கும். எதிர்ல எத்தனை பேரு வர்றாங்களோ. சும்மா இருங்க."

பன்னிரண்டே காலுக்கு சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "இயந்திரத்துல போட்டுட்டாங்க. இப்ப பரவாயில்லையாம். பேசறாராம்." போய்விட்டு மறுபடி எட்டிப்பார்த்தார். "அங்க இருக்கிற சிஸ்டர்கிட்ட, கண்டக்டர்கிட்ட கல்லுன்னு சொல்லுங்கன்னு சொல்றாராம். என்ன அது?"

என் கணவர் எழுந்து கழிவறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாரிக்காரர் எங்களுக்கு முன்னால் வந்து எடை மேடையில் நின்றுகொண்டிருந்தார். கூடவே அவர் மனைவி. லாரிச் சாவி இப்போது அந்த அம்மாளின் கைப்பையில் இருந்தது.

"கடைசியில பஸ்ல ஏறிட்டீங்க போல," என்றார் தையல்கார அம்மா.

"ஏத்திட்டாங்கக்கா. அதுவும் எப்படி, ரெண்டு சீட்டுல குறுக்க படுக்க வச்சு. முப்பது வருஷ மானம் போச்சு."

"டிக்கெட் கேட்டானா?" என்றார் என் கணவர்.

"மூச்சு வந்ததும் கேட்டான்."

"எடுத்தியா?"

"எடுத்தேன். லக்கேஜுக்கும் சேத்துப் போடவான்னு கேட்டான், உங்க ஆளுங்களுக்கு வேற என்ன தெரியும்." அவர் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினார். "சரி, அந்தப் பாலத்தை இன்னும் குத்தலைதானே?"

"நீ வர்ற வரைக்கும் தொடலை."

"குத்துங்க. வலது பக்கம்."

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மழை வெள்ளத்தில் நகரத்தில் பாதி தண்ணீரில் நின்ற அன்றைக்குக்கூட யாருடைய டிராக்டரிலோ ஏறி வந்தார். பதினேழு படத்தையும் சரிசெய்து, மேலும் நூற்று நாற்பது படம் முடித்தார்கள். நூலகத்துப் பெண் அடிக்கடி எழுதுவார். கடினமான மலைப் படங்களை எல்லாம் எங்களுக்கென்றே ஒதுக்கி அனுப்புவார். நடுநடுவே என் கணவர் மற்றவர்களை வேறு இடங்களுக்கும் கூட்டிப்போனார். பறவை முட்டைகள், நிலாப் படங்கள், ஒரு தபால்காரர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கதவுப் பிடிகள். லாரிக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார், எல்லாவற்றையும் கேலி செய்தார்.

என் கணவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மகள் என்னோடு இருந்தாள். அத்தனைக்கும் நடுவில், வியாழக்கிழமையோ என்னவோ, எனக்குத் திக்கென்றது. இனி லாரிக்காரர் வருவாரா? எதற்காக வருவார்? அவர் மனைவியின் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுப்பது அப்படி ஒன்றும் பெரிய வித்தையில்லை.

நான் சிஸ்டருக்குப் போன் செய்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே சொல்லிவிட்டார்.

"வந்தாரும்மா. திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கே வந்துட்டாரு. யார்கிட்டயும் பேசல. போர்வையை இழுத்து மூடிக்கிட்டாரு. ஆனா நாலு மணி நேரம் முழுசா இருந்தாரு. புதன்கிழமையும் வந்தாரு."

மாலையில் லாரிக்காரரே கூப்பிட்டார்.

"அக்கா."

"சொல்லுங்க."

"ரெண்டு நாளும் போனேன்."

"சிஸ்டர் சொன்னாங்க."

"சொல்லிட்டாங்களா. நூலகத்துலேருந்து ஒன்பது படம் வந்திருக்கு. என் பொண்ணு போன்ல எறக்கிக் குடுத்தா. எழுத்து ஒண்ணும் தெரியல, எறும்பு மாதிரி இருக்கு."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க."

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை நான் டேப்லெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்திருக்க முடியாததால் கையை உயர்த்தினார். தையல்கார அம்மா என் கையைப் பிடித்தார், விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். லாரிக்காரர் ஸ்டூலைக் காலால் தள்ளி என் பக்கம் நகர்த்தினார்.

முதல் படம் ஒரு மலைப்பாதை. நான் படிக்க ஆரம்பித்தேன். "உடைந்த கோட்டை. தண்ணீர்த் தொட்டி. கைவிடப்பட்ட சுங்கச்சாவடி."

"கைவிடப்பட்டதா?" என்றார் லாரிக்காரர். "யார் சொன்னது?"

"எண்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது."

"மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் அங்க ஒருத்தன் நின்னு என்னைத் திட்டியிருக்கான்."

"அது வேற சாவடியா இருக்கும்."

"நீங்க அங்க போயிருக்கீங்களா? நான் போயிருக்கேன். திருப்பத்துல ஒரு பாறை, அதை ஒட்டி சாவடி. பாறையைத் தேடுங்க."

நான் பாறையைத் தேடினேன். அது இருந்தது.